ஆஸ்க் ஜான்: உடல்நிலைக்காக வீட்டிலிருந்து வேலை கேட்பவர்களுக்கு ஒரு போன் நம்பர்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு இப்படி ஒரு சேவை இருப்பதே தெரியாது. எனக்கும் ஏழு வருஷம் தெரியாமல்தான் இருந்தது. நோய் வந்தது 2017-ல். இவர்களுக்கு முதல் முறை போன் செய்தது 2024 அக்டோபரில். நடுவில் பட்ட பாட்டை நினைத்தால், யாராவது ஒருத்தர் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சேவையின் பெயர் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க். சுருக்கமாக ஜான். இணையத்தில் ஆஸ்க்ஜான் டாட் ஆர்க். 1983-ல் தொடங்கியது, அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பணத்தில், மேற்கு வர்ஜீனியாவில் மார்கன்டவுன் என்ற பல்கலைக்கழக ஊரிலிருந்து நடக்கிறது. உடல் குறையோ நாள்பட்ட நோயோ உள்ள ஒருவர் தன் வேலையில் என்ன மாற்றம் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று எடுத்துச் சொல்வதுதான் இவர்கள் வேலை. ஒரு பைசா வாங்குவதில்லை. பேசியது வெளியே போகாது. நான் மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் என் கம்பெனியின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்காமடேஷன் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊரில் அந்தச் சொல்லுக்குத் தங்கும் இடம் என்றுதான் அர்த்தம். ஆபீசில் அக்காமடேஷன் கேட்டிருக்கிறேன் என்று காரைக்குடியில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏன்டி, இருக்கிற வீட்டுக்கு என்னாச்சு?" என்று பதறிப்போனார். இங்கே சட்டத்தில் அதற்கு வேறு பொருள். ஒருவருடைய உடல்நிலை அவர் வேலைக்குக் குறுக்கே நிற்கும் இடத்தில், வேலை செய்யும் விதத்தையோ இடத்தையோ நேரத்தையோ கொஞ்சம் மாற்றிக் கொடுப்பது. 1990-ல் வந்த ஏடிஏ, அதாவது அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் இதைச் செய்தாக வேண்டும் என்கிறது; நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாக இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. விசாவில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும். எனக்கு இதுவும் தெரியாது. குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் நோயைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்சுவரில் வீக்கமும் புண்ணும் வரும். ரத்தம் போகும். எல்லாவற்றையும் விடக் கொடுமை, அவசரம். தோன்றினால் அடுத்த இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் கழிப்பறையில் இருக்க வேண்டும். அடக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரைதான் எனக்கு மோசமான நேரம். பத்து மணிக்கு மேல் நான் மற்றவர்களைப் போலத்தான். எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றிக்கொள்கிறேன். ஏழாவது வாரம் வந்தால் மருந்தின் பிடி தளரும்.

தமிழில் இதைச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. வயிறு சரியில்லை என்போம், அத்தோடு முடிந்தது. வீட்டிலேயே என் மாமியாருக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும். அப்படி இருக்கும்போது ஆபீசில் மேனேஜரிடம் எப்படிச் சொல்வது?

நான் இருப்பது நியூஜெர்சியில் எடிசன். ஆபீஸ் மன்ஹாட்டனில். ரயிலில் பென் ஸ்டேஷன் வரை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், அப்புறம் சப்வே. அந்த ஒரு மணி நேரம் சரியாக என் மோசமான நேரத்தில் விழும். முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்கு மேல் சாப்பிட மாட்டேன். காலையில் தண்ணீர்கூடக் கிடையாது. பையில் ஒரு மாற்று உடை எப்போதும் இருக்கும். கறுப்புப் பேன்ட் தவிர வேறு நிறம் வாங்குவதையே விட்டுவிட்டேன். மெட்ரோபார்க், ராவே, லிண்டன், எலிசபெத் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் இறங்கலாமா, அடுத்தது வரை தாங்குமா என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் விடப் பயம் கடைசிப் பகுதிதான். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் 1910-ல் திறந்த சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்துவிட்டால் இறங்குவதற்கு வழியே இல்லை.

2020 மார்ச்சில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இரண்டு வருஷத்தில் நான் ஒரே ஒரு நாள்தான் நோய் விடுப்பு எடுத்தேன். அப்புறம் வாரம் இரண்டு நாள் வரச் சொன்னார்கள், பிறகு மூன்று, பிறகு நான்கு. 2025 ஜனவரியிலிருந்து ஐந்து நாளும் கட்டாயம் என்று 2024-லேயே அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்த அதே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சுரங்கத்துக்குள் ரயில் இருபது நிமிஷத்துக்கு மேல் நின்றுவிட்டது. அன்று என்ன நடந்தது என்று முழுசாக எழுத எனக்கு மனசு வரவில்லை. பென் ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிப் போகும் வரை உட்கார்ந்திருந்தேன். கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன். உடை மாற்றிக்கொண்டு அடுத்த ரயிலில் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மேனேஜருக்குத் தலைவலி என்று செய்தி அனுப்பினேன்.

ஜானைப் பற்றிச் சொன்னது என் மருந்து ஏற்றும் வார்டில் இருக்கும் நர்ஸ். ஒரு காகிதத்தில் எண்ணை எழுதிக் கொடுத்து, உன்னைப் போல இங்கே உட்காரும் பலருக்கும் இதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன் என்றார்.

வீட்டில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன். எடுத்தவர் அமைதியான குரலில் பேசும் ஒரு பெண்மணி. நான் ஏற்கனவே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன்; அதைப் படித்துக் காட்டினேன். இப்போது எடுத்துப் பார்த்தால், அது பள்ளிக்கூடத்தில் எழுதின லீவ் லெட்டர்தான். உடல்நலம் சரியில்லாத காரணத்தால், தயவுகூர்ந்து, அன்புகூர்ந்து, தங்கள் பெரிய மனதை எதிர்பார்த்து. அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் நோயைப் பற்றி நன்றாகப் புரிகிறது, இப்போது உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. ஐந்து நிமிஷம் நோயைப் பற்றிக் கோர்வையாகப் பேசியவளுக்கு வேலையைப் பற்றிச் சொல்ல வரவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு நாளில் என்னென்ன செய்கிறீர்கள்? அதில் எது உங்களுக்குக் கஷ்டம்? நோயின் எந்தக் கூறு அந்தக் கஷ்டத்தைத் தருகிறது? இதுவரை என்ன செய்து சமாளித்தீர்கள், எது பலித்தது? அந்தக் கட்டடத்துக்குள் இருந்தால்தான் செய்ய முடியும் என்ற வேலை எது?

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தரவு அறிக்கைகள் தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். போனை வைத்த பிறகு ஒரு நோட்டை எடுத்து, நான் செய்யும் வேலைகளை எல்லாம் வரிசையாக எழுதினேன். ராத்திரி ஓடும் ப்ரோக்ராம் சரியாக முடிந்ததா என்று காலையில் பார்ப்பது, பிழை வந்தால் சரி செய்வது, புது அறிக்கைக்கு வரும் கோரிக்கையைப் படித்துக் கேள்வி கேட்பது, ஒன்பதே காலுக்குக் குழுவோடு பேசுவது. இப்படி 22 வந்தது. கட்டடத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டியவை இரண்டே இரண்டு: மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காப்பீட்டு அபாயத்தைக் கணக்கிடும் கணிப்பாளர் குழுவோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எண்களைச் சரிபார்ப்பது, புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரம் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பது. மற்ற 20-ஐயும் நான் இரண்டு வருஷம் வீட்டிலிருந்தே செய்திருக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு வந்த தைரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அது வரை நான் ஒரு சலுகை கேட்கப் போகிறேன் என்ற எண்ணத்தில்தான் இருந்தேன்.

அன்று சாயங்காலமே மின்னஞ்சல் வந்தது. என் மாதிரி நோய்களுக்கான பக்கம், வீட்டிலிருந்து வேலை கேட்பது பற்றிய பக்கம், மாதிரிக் கடிதம், டாக்டரிடம் என்ன எழுதி வாங்க வேண்டும் என்ற குறிப்பு, எல்லாம் இருந்தது. அந்த இணையதளம் பெரிய கடல். நோயின் பெயரை வைத்தும் தேடலாம், எது முடியவில்லை என்பதை வைத்தும் தேடலாம், வேலையின் தன்மையை வைத்தும் தேடலாம். என் அனுபவத்தில் நோயின் பெயரை விட, எது முடியவில்லை என்பதில் தொடங்குவதுதான் பயன்பட்டது. கடிதம் எழுதவும் அதுதான் வழி.

புதுக் கடிதம் ஒரு பக்கம்தான். முதல் பத்தியில், எனக்குப் பெருங்குடலைப் பாதிக்கும் நாள்பட்ட நோய் உள்ளது, காலை வேளையில் முன்னறிவிப்பு இல்லாமல் உடனே கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறது, அந்த நேரத்தில் ஒரு மணி நேர ரயில் பயணம் என்னால் முடியவில்லை என்று மூன்று வரி. இரண்டாவதில் வேலைப் பட்டியலின் சுருக்கமும், அவற்றை வீட்டிலிருந்து செய்த காலமும். மூன்றாவதில் கேட்பது என்ன: வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து, ஒரு நாள் தாமதமாக ஆபீஸ், அந்த இரண்டு வேலைகள் வரும் நாட்களில் நேரில் வருவேன். தயவு, அன்பு எதுவும் இல்லை. மரியாதை இருந்தது. ஏடிஏ என்ற சொல்லையோ அக்காமடேஷன் என்ற சொல்லையோ போட வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லையாம். சாதாரணப் பேச்சில், வாயால் கேட்டாலும் அது கோரிக்கைதான். நான் எழுத்திலேயே கொடுத்தேன், தேதியோடு.

டாக்டர் சான்றிதழில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். என் டாக்டர் முதலில் கொடுத்தது இரண்டு வரி: இவர் எங்களிடம் சிகிச்சையில் இருக்கிறார், வீட்டிலிருந்து வேலை பார்த்தால் இவருக்கு நல்லது. அந்த 'நல்லது' போதாது. நல்லது என்றால் யாருக்குத்தான் நல்லதில்லை? ஜான் அனுப்பிய குறிப்பை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். இரண்டாவது சான்றிதழில் குடல் இயக்கம் எந்த அளவு பாதிக்கப்பட்டிருக்கிறது, எந்த நேரத்தில், எவ்வளவு நிமிஷ அவகாசம், இது எவ்வளவு காலம் நீடிக்கும், பயணம் ஏன் முடியாது, வீட்டில் இருந்தால் அந்தத் தடை எப்படி நீங்குகிறது என்று எல்லாம் வந்தது. டாக்டர் எழுத எடுத்துக்கொண்டது பத்து நிமிஷம். என்ன எழுத வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளி என்ற சொல்லை எனக்கு நானே போட்டுக்கொள்ள மனது ஒப்பவில்லை. ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் கண் முன்னால் வருவது சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும். நான் நன்றாக நடக்கிறேன், நல்ல நாட்களில் ஓடுகிறேன்கூட. ஆனால் இங்கே 2008-ல் சட்டத்தைத் திருத்தியபோது, உடலின் முக்கிய இயக்கங்கள் என்ற பட்டியலில் செரிமானத்தையும் குடலையும் சிறுநீர்ப்பையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். வந்து வந்து போகும் நோயாக இருந்தாலும், அது தலைதூக்கும் நேரத்தில் எவ்வளவு முடக்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. குடல் என்ற சொல்லை ஒரு சட்டத்தில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் மறைத்து வைத்ததை யாரோ முன்னாலேயே தெரிந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

மதுரையில் என் தம்பிக்கு இதைச் சொன்னேன். அங்கே 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இதே மாதிரி வசதி செய்து தரும் கடமை இருக்கிறது. ஆனால் 21 வகைகள் கொண்ட அதன் பட்டியலில் என் நோய் இல்லை. அதே நோயோடு அங்கே ஐடி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

சரி, இனி கம்பெனி பக்கம். கடிதம் கொடுத்த பத்தாம் நாள் ஒரு படிவம் வந்தது. என் மருத்துவ வரலாறு முழுவதையும் எல்லா டாக்டர்களிடமிருந்தும் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று கையெழுத்துக் கேட்டது. கைகள் நடுங்கின. என் பிரசவ விவரம், 2019-ல் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டது எல்லாம் அதில் வருமே. இரண்டாவது முறை ஜானைக் கூப்பிட்டது அப்போதுதான். நோய் இருக்கிறது என்பதற்கும் இந்த மாற்றம் ஏன் தேவை என்பதற்கும் உரிய தகவலைத்தான் கேட்கலாம், முழு வரலாற்றையும் பொதுவாகக் கேட்க முடியாது என்று அரசின் வழிகாட்டுதலைக் காட்டினார்கள். அந்தப் பத்தியை மேற்கோள் காட்டி, கேள்விகளை எழுதி அனுப்புங்கள், என் டாக்டர் பதில் எழுதுவார் என்று பணிவாகப் பதில் போட்டேன். ஆறு கேள்விகள் வந்தன. அதோடு அந்தப் படிவத்தின் பேச்சு நின்றது.

அப்புறம் ஒரு மாற்று யோசனை சொன்னார்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் மேஜை தருகிறோம், பத்து மணிக்கு வாருங்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதாகத்தான் இருந்தது. பலன் தரக்கூடிய வழிகள் பல இருந்தால், எதைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. கேட்டதையே கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் போயிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், இல்லை அழுதிருப்பேன். மூன்றாவது முறை போன் செய்தபோது எனக்குக் கற்றுத் தந்தது ஒரே ஒரு கேள்வி: அவர்கள் தரும் வழி தடையை நீக்குகிறதா? என் தடை ஆபீசில் இல்லை, ரயிலில். மேஜையை எங்கே போட்டாலும் ஆற்றுக்கு அடியில் இருக்கும் அந்தப் பத்து நிமிஷம் மாறாது. பத்து மணிக்கு வருவதற்கும் எட்டரைக்கு ரயில் ஏற வேண்டும். எட்டரை எனக்கு மோசமான நேரம்தான். இதை டாக்டரின் நேரக் குறிப்போடு சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

பயணம் என்பது நிறுவனத்தின் பொறுப்பா என்று மனிதவளப் பெண்மணி கேட்டார். நியாயமான கேள்வி. நாட்டின் எல்லா நீதிமன்றமும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. நான் பிறகு தேடிப் படித்ததில், நியூயார்க் அடங்கிய இரண்டாவது சர்க்யூட் (சில மாநிலங்களைச் சேர்த்த நீதி வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-ல் ஒரு வழக்கில், வேலைக்கு வந்து சேர உதவுவதும் சில சமயம் நிறுவனத்தின் கடமைக்குள் வரலாம், வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவதும் யோசிக்க வேண்டிய வழிகளில் ஒன்று என்று சொல்லியிருக்கிறது. இன்னொரு பக்கம், 2015-ல் ஆறாவது சர்க்யூட்டில் ஃபோர்டு நிறுவன வழக்கு. குடல் எரிச்சல் நோய் உள்ள ஒரு பெண், எஃகு வாங்கும் பிரிவில் இருந்தவர், வாரம் நான்கு நாள் வரை வீட்டிலிருந்து வேலை கேட்டார். 8 நீதிபதிகள் அவருக்கு எதிராக, 5 பேர் அவர் பக்கம். தோற்றுப்போனார். அந்தத் தீர்ப்பைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் நோய்க்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு நோய். ஆனால் நிதானமாகத் திரும்பப் படித்தால், நீதிபதிகள் முழுக்கப் பேசியிருப்பது அவர் வேலையைப் பற்றித்தான். சப்ளையர்களோடும் குழுவோடும் திடீர் திடீரென்று நேரில் கூடிப் பேச வேண்டிய வேலை அது என்று முடிவு செய்தார்கள். முன்பு வீட்டிலிருந்து பார்த்தபோது வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்றார்கள். ஜானில் அந்தப் பெண்மணி முதல் போனிலேயே வேலையைப் பற்றிச் சொல்லச் சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து செய்ததை ஒரு வெள்ளோட்டம் மாதிரி எடுத்துப் பார்க்கலாம் என்று, இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் சமவேலைவாய்ப்பு ஆணையமும் சொல்லியிருந்தது. என் அந்த இரண்டு வருஷத்து ஆண்டு மதிப்பீடுகளையும் இணைத்தேன். அதைத்தான் மேனேஜர் அதிகம் பார்த்தார் என்று பிறகு சொன்னார்.

ஜான் செய்யாதது என்ன என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். அவர்கள் வக்கீல்கள் இல்லை. உங்களுக்காகக் கம்பெனியோடு பேச மாட்டார்கள், வழக்குப் போட மாட்டார்கள். ஆணையத்தில் புகார் கொடுக்க 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள் என்று கெடு இருக்கிறது. அந்தக் கட்டம் வந்தால் வக்கீலைப் பாருங்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான் பேசுகிறார்கள், தமிழ் கிடையாது. எனக்கு அது ஒரு வகையில் சுலபமாகப் போயிற்று. தமிழில் கூசும் சொற்கள் ஆங்கிலத்தில் வெறும் மருத்துவச் சொற்களாக வந்து விழுந்தன. ஆனால் ஆங்கிலம் தடுமாறும் ஒருவருக்கு, பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு பேசச் சொல்வேன்.

விசா விஷயம் இவர்கள் எல்லைக்கு வெளியே. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஹெச்1பி வேலை விசாவில் இருக்கும்போது வேலை போனால் 60 நாளில் வேறு வழி பார்க்க வேண்டும் என்ற பயம்தான் நம்மில் பலரைக் கேட்கவே விடாமல் தடுக்கிறது. கேட்டதற்காகப் பழிவாங்குவது சட்டவிரோதம் என்று எனக்கு அறிவுக்குத் தெரிந்தும், கடிதத்தை அனுப்பும் பொத்தானை அழுத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. வீட்டிலிருந்து வேலை என்றால் வீடே ஒரு பணியிடமாக ஆகிவிடுகிறது. வீடு ஆபீஸ் இருக்கும் அதே பெருநகர வட்டாரத்துக்குள் இருந்தால் புது விசா மனு போட வேண்டியதில்லை; எல்சிஏ என்ற, சம்பளமும் பணியிடமும் குறித்த விசா ஆவணத்தின் அறிவிப்பை வீட்டில் கண்ணில் படும் இரண்டு இடங்களில் 10 நாள் ஒட்டி வைக்க வேண்டும். வேறு ஊரிலிருந்து வேலை பார்க்கப் போவதாக இருந்தால் கதை வேறு, கட்டாயம் குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள். கம்பெனி வக்கீல் அனுப்பிய தாளை நான் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒன்றும் வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒன்றும் ஒட்டினேன். என் மகள் அதில் என் சம்பளத்தைப் படித்துவிட்டு, அம்மா, இது யாருக்காக இங்கே ஒட்டியிருக்கிறாய் என்றாள். அம்மா இனிமேல் காலையில் வீட்டில் இருப்பாள் என்று அர்த்தம் என்றேன்.

நியூயார்க் நகரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் பலம் உண்டு. 2018 அக்டோபரிலிருந்து, நகரத்தின் மனித உரிமைச் சட்டப்படி நிறுவனம் உங்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். முடிவு என்ன என்பதை எழுத்தில் தர வேண்டும். வாய்வார்த்தையாகப் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுக்க முடியாது. எனக்கும் எழுத்தில்தான் வந்தது, டிசம்பர் மூன்றாவது வாரம்: வாரம் நான்கு நாள் வீடு, புதன்கிழமை ஆபீஸ், பதினொன்றரைக்குள் வந்தால் போதும், மருந்து ஏற்றுவதற்கு முந்தின வாரம் புதன்கிழமையும் வீடு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எப்படிப் போகிறது என்று பேசிக்கொள்வோம். முதல் மறுபரிசீலனை முடிந்தது, மாற்றம் ஒன்றும் இல்லை.

கடைசிக் கூட்டத்தில் மனிதவளப் பெண்மணியின் மேஜையில் ஒரு அச்சுப்பிரதி இருந்தது. எனக்கு ஜான் அனுப்பிய அதே பக்கம். நிறுவனங்களும் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று எனக்கு அது வரை தெரியாது. அவரும் கேட்டிருக்கிறார். ஒரே தாளை வைத்துக்கொண்டு இருவரும் பேசியதால்தான், எதிரெதிராக உட்கார்ந்தும் அது சண்டையாக மாறவில்லை.

இப்போது காலை ஏழு மணிக்கு இட்லி சாப்பிடுகிறேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு வேலை நாளில் காலைச் சாப்பாடு. ராத்திரி ஓடிய ப்ரோக்ராம்களைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்து முடித்துவிடுகிறேன். புதன்கிழமை ஆபீசில் எல்லோரையும் பார்ப்பது எனக்குப் பிடிக்கவே செய்கிறது.

எண் 800-526-7234. திங்கள் முதல் வெள்ளி வரை, கிழக்குக் கடற்கரை நேரப்படி காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை எடுப்பார்கள். காது கேளாதவர்களுக்குத் தனி எண் தளத்தில் இருக்கிறது. பேசத் தயக்கமாக இருந்தால் மின்னஞ்சலும் அனுப்பலாம். கூப்பிடும் முன் ஒரு தாளில் உங்கள் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை எழுதாமல் போய்த்தான் முதல் போனில் திணறினேன்.